அச்சுக்கூடத்துச் சொற்கள்

ஒரு தொழிலின் வரலாற்றை அறிய விழைவார்க்கு, அத்தொழிலாளர் நாவில் வழங்கும் சொற்களே நல்ல சான்றாகும். ஆண்டு மலர் அச்சேறி நம் கைக்கு வரும் இந்நாளில், அச்சுத் தொழிற் சொற்கள் சிலவற்றின் வரலாற்றை நோக்குதல் பொருத்தமுடைத்து.

தமிழ் எழுத்துகள் முதன்முதல் ஈயத்தில் வார்க்கப்பெற்றது தமிழகத்தில் அன்று என்பது, வெளியூர் வாழும் நமக்கு வியப்பும் மகிழ்வும் தரும் செய்தி. 1577-இல் கோவாவிலும், 1578-இல் கொல்லத்திலும் அவை வார்க்கப்பட்டன. 1578 அக்டோபர் 20-ஆம் நாள், ஹென்றிக் ஹென்றிக்கஸ் பாதிரியாரின் ‘தம்பிரான் வணக்கம்’ கொல்லத்தில் வெளிவந்தது. அதன் அளவு 16 பக்கம். இன்றும் அச்சகத்தார் 16 பக்கத்தை ‘ஒரு பாரம்’ என்று கணக்கிடுவதை ஈண்டு நினைவு கூரலாம்.

பின்னர் 1712-இல் தரங்கம்பாடிக்கு அச்சுப்பொறி வந்தது. சீகன்பால்குவின் பணிக்காக ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்து அனுப்பப்பெற்ற தமிழ் எழுத்துகள் மிகப் பெரியனவாக இருந்தன, காகிதமோ அரிது. ஆகவே தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகளை வார்த்தனர். அருகிலுள்ள பொறையாற்றில் காகித ஆலையும் அமைத்தனர். எழுத்தின் அளவு அழகை மட்டும் பற்றியதன்று, நூலின் விலையையும் பற்றியது என்பதை அன்றே உணர்ந்தனர். அவ்வளவைக் குறிக்க இன்று வழங்கும் அலகு ‘பாயிண்ட்’; ஏறத்தாழ 72 பாயிண்ட் ஓர் அங்குலம்.

இனிச் சொற்களைக் காண்போம். பொறி புதிது, ஆயினும் அதன் வேலைகளுக்குத் தமிழர் தம் பழந்தொழில்களிலிருந்தே பெயர் எடுத்தனர். ‘அச்சு’ என்பது தேரின் அச்சு, வார்ப்புக்குரிய கருவி, இடைக்காலத்தே ஒரு நாணயத்தின் பெயர். எழுத்துகளை வரிசைப்படுத்துவதை ‘அச்சுக் கோத்தல்’ என்றனர். பூவும் மணியும் கோத்த கைகளே அச்சொல்லைத் தந்தன. பொன்னில் மணி பதித்தலினின்று ‘பதிப்பு’ வந்தது. பனையோலையில் கீறிய வரி விளங்கத் தடவிய ‘மை’யும், ஓலையைக் குறித்த ‘ஏடு’ம் அப்படியே அச்சுக்கூடம் புகுந்தன.

வெளியிலிருந்து வந்த பொருளுக்கும் அளவுக்கும் வந்த பெயரே நிலைத்தது. ‘காகிதம்’ பாரசீக வழியினது, ‘கடுதாசி’ போர்த்துக்கேசியரது. டெம்மி, கிரவுன், கேலி, புரூப் ஆகியன ஆங்கிலேயர் தந்தவை. இவற்றுள் ‘புரூப்’ என்பதற்குப் பிற்காலத்தார் ‘மெய்ப்பு’ எனப் பெயரிட்டனர். மூலத்தோடு ஒப்பிட்டு மெய்யென நாட்டும் படி என்பது அதன் கருத்து. புரிந்து செய்த வேலைக்குத் தமிழ் தானே பெயர் தரும் என்பதற்கு இது சான்று.

1835-இல் அச்சுக்கு இருந்த உரிமக் கட்டுப்பாடு நீங்கியபின், நம் நாட்டவர் அச்சகங்கள் பெருகின. உ. வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியையும், 1894-இல் புறநானூற்றையும் வெளியிட்டார். பல சுவடிகளை ஒப்பிட்டுப் பாடம் தேர்ந்த அவர்தம் உழைப்பால் ‘பதிப்பாசிரியர்’ என்னும் சொல்லுக்குப் பெருமை சேர்ந்தது.

ஈய எழுத்துகள் இன்று அச்சகங்களை விட்டுப் பெரும்பாலும் அகன்றன. அறை அறையாக எழுத்து நிறைந்த பெட்டியின்முன் நின்று கோத்தவர் இடத்தில் கணினி அமர்ந்துள்ளது. எனினும், வரிகளின் இடையே ஈயப் பட்டை செருகிய காலத்துச் சொல்லான ‘லெடிங்’ என்பதே இன்றும் கணினியில் வரி இடைவெளியைக் குறிக்கிறது. பொருள் மறைந்தாலும், வழங்குவோர் உள்ளவரை சொல் வாழும். வழங்காதொழியின் பொருள் இருந்தும் சொல் மாயும்.

நம் குடியிருப்புகளில் வளரும் பிள்ளைகள் பிறமொழி எழுத்துகளிடையே நாளும் வாழ்கின்றனர். இம்மலரை அவர்கள் கையில் கொடுத்து, ஏடு, மை, பதிப்பு, கோத்தல் என்னும் சொற்களை வாய்விட்டுச் சொல்லச் செய்தல் பெற்றோர் கடன். தமிழ் எழுத்து முதலில் அச்சேறியதும் இன்றைய தமிழகத்துக்கு வெளியே, பல மொழி வழங்கிய ஊர்களில்தான் என்பதையும் அவர்கட்குக் கூறுவோமாக.