டோக்கியோவில் உருவான ஆங்கில அகராதி

ஆங்கிலம் நடத்தும் எங்கள் வட்டாரத்தில் 'ஹார்ன்பியைப் பார்' என்றால் எந்தப் புத்தகம் என்று யாரும் கேட்க மாட்டார்கள். ஆக்ஸ்போர்டு வெளியிட்ட அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் டிக்ஷனரிதான் அது. அட்டையில் ஆக்ஸ்போர்டு என்று இருந்தாலும், அந்தப் புத்தகம் ஜப்பானில் உருவானது. வகுப்பறைக்குள்ளிருந்து வந்த புத்தகம் என்பதால்தான் அதன்மேல் எனக்கு இவ்வளவு பிடிப்பு.

ஆங்கிலம் கற்பிக்கும் முறைகளை ஆராய்ந்துவந்த ஹரால்டு பாமர் 1922இல் ஜப்பானுக்கு அழைக்கப்பட்டார். மறு வருடமே டோக்கியோவில் ஆங்கிலக் கற்பித்தலுக்கான ஆய்வுக் கழகம் அவர் பொறுப்பில் தொடங்கியது. 1924இல் ஏ.எஸ். ஹார்ன்பி, கியூஷு தீவில் ஓயிட்டா நகரத்து வணிகக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார். இலக்கியம் நடத்தத்தான் வந்தார். பிள்ளைகளுக்கு முதலில் வேண்டியது மொழி என்பது அங்கே போனதும் அவருக்குப் புரிந்துவிட்டது. பாமரின் சொல்லாய்வில் சேர்ந்துகொண்டார். 1936இல் பாமர் ஊர் திரும்பியபின் அந்த வேலையை ஹார்ன்பி முன்னெடுத்தார். ஜப்பானில் பாடம் நடத்திக்கொண்டிருந்த கேட்டன்பி, வேக்ஃபீல்டு இருவரும் அகராதித் தொகுப்பில் அவரோடு கைகோத்தார்கள்.

அதற்கு முன்பே, வங்காளத்தில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட், எண்டிகாட்டுடன் சேர்ந்து 1935இல் ஓர் அகராதி வெளியிட்டிருந்தார். 24,000 சொற்களையும் தொடர்களையும் வெறும் 1,490 சொற்களைக் கொண்டே விளக்கியது அது. பெரிய சாதனைதான். ஆனால் அது படிப்பவனுக்குக் கை கொடுத்தது. எழுத உட்கார்ந்தவனுக்கு வேறொன்று தேவைப்பட்டது.

என் வகுப்பில் ஓயாமல் கேட்ட வாக்கியம் ஒன்று: 'சார், எக்ஸ்ப்ளெய்ன் மீ திஸ் சம்.' பையனைக் குறை சொல்ல முடியாது. 'டெல் மீ', 'கிவ் மீ', 'ஷோ மீ' எல்லாம் சரியென்றால் இது மட்டும் ஏன் தப்பு? அர்த்தம் மட்டும் சொல்லும் அகராதியில் இதற்குப் பதில் கிடையாது. ஹார்ன்பி வினைச்சொற்களை 25 வாக்கிய அமைப்புகளாகப் பிரித்து, ஒவ்வொரு வினைக்கும் பக்கத்தில் அதற்குரிய எண்களைப் போட்டுவிட்டார். 'கிவ்' என்றால் ஆளை உடனே சொல்லலாம். 'எக்ஸ்ப்ளெய்ன்' என்றால் முதலில் விஷயம், அப்புறம் 'டு', கடைசியில் ஆள். 'அட்வைஸ் ஹிம் டு கோ' வரும். 'சஜெஸ்ட் ஹிம் டு கோ' வராது. ஏன் என்று விளக்கிக்கொண்டிருக்காமல் எது எதோடு சேரும் என்று காட்டிவிட்டார். ஜப்பானிய மொழியிலும் தமிழைப் போலவே வினை வாக்கியத்தின் கடைசியில்தான் வரும். அப்படிப்பட்ட பிள்ளைகளை எதிரே உட்கார வைத்துப் பாடம் நடத்தியவர்களின் புத்தகம் நம் பிள்ளைகளுக்கும் பொருந்திப்போனதில் எனக்கு ஆச்சரியமில்லை.

வேலை முடிகிற நேரத்தில் போர் வந்துவிட்டது. 1941 டிசம்பரில் ஜப்பானும் பிரிட்டனும் எதிரி நாடுகளாயின. ஹார்ன்பி காவலில் வைக்கப்பட்டு, பிறகு கைதிப் பரிமாற்றத்தில் நாடு திரும்பினார். ஆனாலும் கைதாகுஷா என்ற டோக்கியோ பதிப்பகம் 1942இல் அந்த அகராதியை வெளியிட்டது. எதிரியின் மொழிக்கு, எதிரி நாட்டுக்காரர்கள் தொகுத்த அகராதி, போர் உச்சத்தில் இருந்தபோது! அந்தப் பதிப்பாளரை நினைத்தாலே கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. ஆக்ஸ்போர்டு அதே பக்கங்களைப் படமெடுத்து 1948இல் வெளியிட்டது. அதன் பிறகுதான் உலகமெங்கும் போனது.

1961இல் ஹார்ன்பி ஓர் அறக்கட்டளை நிறுவி, புத்தக வருமானத்தின் பெரும்பங்கை அதற்கு ஒதுக்கினார். பல நாட்டு ஆங்கில ஆசிரியர்கள் அதன் உதவியில் பயிற்சி பெற்றார்கள், இன்றும் பெறுகிறார்கள்.

1989இல் வந்த நான்காம் பதிப்பில் அந்த எண்கள் போய் எழுத்துக் குறியீடுகள் வந்தன. அப்புறம் அவையும் மாறின. இப்போது என்னிடம் படிக்க வரும் பிள்ளைகள் கையில் போன் இருக்கிறது, தட்டினால் அர்த்தம் வந்துவிடுகிறது. 'எக்ஸ்ப்ளெய்ன் மீ' மட்டும் அப்படியே இருக்கிறது. அதனால் ஹார்ன்பியின் பட்டியலிலிருந்து முதலில் ஐந்தாறு அமைப்புகளைப் போர்டில் எழுதிப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் நாலு வினைகளை அவர்களையே தேடிச் சேர்க்கச் சொல்கிறேன்.