வழக்காளியே நீதிபதியானால்

விழுப்புரத்திலிருந்து கோலியனூர் வழியாகக் கிழக்கே செல்லும் சாலை புதுவையைச் சென்றடைகிறது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்நகரம் பிரெஞ்சுக் கம்பெனியின் தலைமையிடமாக விளங்கிற்று. கம்பெனியின் தலைமைத் தரகராக இருந்தவர் நைனியப்ப பிள்ளை. நாட்குறிப்பால் புகழ்பெற்ற ஆனந்தரங்கப் பிள்ளைக்கு நெருங்கிய உறவினர்.

1716ஆம் ஆண்டு பிப்ரவரியில், ராஜத்துரோகம், கொடுங்கோன்மை ஆகிய குற்றங்களைச் சாட்டி கவர்னர் எபேர் அவரைச் சிறையிலடைத்தார். வழக்கை விசாரித்தது புதுவை ஆலோசனை மன்றம். அம்மன்றத்தின் தலைவர் யார்? அதே எபேர்! குற்றம் சாட்டிய வாயே தீர்ப்பும் கூறிற்று. விசாரணைக் குறிப்புகளோ பிள்ளைக்குத் தெரியாத பிரெஞ்சு மொழியில் எழுதப்பட்டன. கடைவீதியில் 50 கசையடி, மூன்றாண்டுச் சிறை, சொத்துப் பறிமுதல், பின்னர் நாடு கடத்தல் என்று ஜூன் மாதத்தில் தண்டனை விதிக்கப்பட்டது. 1717இல் அவர் சிறையிலேயே மாண்டார்.

அவருடைய மகன் குருவப்ப பிள்ளை கடல் கடந்து பிரான்சுக்குச் சென்று முறையிட்டார். எபேர் பதவியிழந்தார், தீர்ப்பும் செல்லாததாயிற்று. குடும்பத்தின் மானம் மீண்டது, மாண்டவர் மீளவில்லை.

எபேரின் உள்ளத்தில் பகை இருந்ததா என்று ஆராய வேண்டியதே இல்லை. வாதியின் இடத்தில் நின்றவர் நீதியாசனத்தில் அமர்ந்தார் என்பதே போதும். 1852இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை இதனைத் தெளிவாக்கியது. லார்டு சான்சலர் காட்டன்ஹாம் தீர்ப்பளித்த வழக்கில், ஒரு கட்சியான கால்வாய்க் கம்பெனியில் அவருக்கே பங்குகள் இருந்தன. அவர் நேர்மையை எவரும் ஐயுறவில்லை. ஆயினும் தீர்ப்பு ரத்தாயிற்று. நீதி வழங்கப்பட்டால் மட்டும் போதாது, வழங்கப்பட்டமை வெளிப்படத் தெரியவும் வேண்டும் என்னும் கொள்கையை 1923இல் நீதிபதி ஹிவர்ட் நிலைநாட்டினார்.

நம் மார்க்க மரபிலும் இவ்வெச்சரிக்கை உண்டு. சினமுற்ற நிலையில் இருவரிடையே தீர்ப்புக் கூறலாகாது என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். பெற்றோருக்கோ பிள்ளைகளுக்கோ சாதகமாகக் காஜி வழங்கும் தீர்ப்பு செல்லாது என்பது சட்ட மேதைகளில் பெரும்பாலோரின் முடிவு.

அப்படியாயின், வழக்காடுவோர் விரல் நீட்டும்போதெல்லாம் நீதிபதி விலகிவிடலாமா? கூடாது. அவ்வாறாயின் தமக்குப் பிடித்த நீதிபதியை வழக்காடுவோரே தேர்ந்து கொள்வர். 1957இல் மாணக் லால் வழக்கில் நமது உச்ச நீதிமன்றம் இரு பக்கத்தையும் சீர்தூக்கியது. ஒரு வழக்கறிஞர் மீதான புகாரை விசாரித்த குழுவின் தலைவர், முன்பு புகார்தாரருக்காக வாதாடியவர். அவர் விலகியிருக்க வேண்டும் என்றது நீதிமன்றம். ஆனால் உண்மையை அறிந்தும் தொடக்கத்தில் வாய் திறவாதிருந்து, முடிவு எதிரான பின்னர் ஆட்சேபிப்பது ஏற்கத்தக்கதன்று என்றும் கூறிற்று.

ஜமாஅத்தில் பஞ்சாயத்துப் பேச அமரும் பெரியவர்களுக்கும் இது பொருந்தும். வழக்கில் உறவோ, பங்கோ, பழம்பகையோ இருப்பின், எவரும் கேட்குமுன் எழுந்து விடுவதே கண்ணியம். அந்த இருக்கையை விட்டு எழுபவரின் பெருமை குறைவதில்லை. எழ மறுத்த எபேரின் பெயர்தான் வரலாற்றில் களங்கமாய் நிற்கிறது.