ஆற்றில் திரும்பக் கொட்டிய உலோகம்

கல்யாண மோதிரம் வாங்கப் போன கடையில், “பிளாட்டினம்னா தனி கெத்து சார்” என்றார் விற்பனையாளர். இதே உலோகத்தை மூட்டையாக ஆற்றில் கொட்டிய கதை எனக்கு ஞாபகம் வந்தது. சொல்லவில்லை, பக்கத்தில் வருங்கால மாமனார்.

பாட்டி அரிசி அரிக்கிறதைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீரோடு ஓர் ஆட்டு ஆட்டினால் அரிசி வழிந்து போகும், கல் அடியில் தங்கும். இன்றைய கொலம்பியாவின் சோக்கோ ஆறுகளில் தங்கம் எடுத்ததும் இப்படித்தான். பட்டேயா என்ற மரத்தட்டும் பழகிய மணிக்கட்டும் போதும். அந்த மணிக்கட்டுகள் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகளுடையவை.

தட்டின் அடியில் தங்கத்தோடு சாம்பல் வெள்ளைக் குருணைகளும் தங்கின. ஸ்பானியர்கள் வைத்த பெயர் ‘பிளாட்டினா’, அதாவது குட்டி வெள்ளி. பெயரிலேயே இளக்காரம். மரத்தட்டுக்குத் தெரிந்தது கனம் ஒன்றுதான். தங்கத்தின் அடர்த்தி 19.3, தூய பிளாட்டினம் 21.4. இரும்பு கலந்த ஆற்றுக் குருணை கொஞ்சம் குறைவு என்றாலும், எவ்வளவு அரித்தாலும் சரியாகப் பிரியாது. உருக்கலாமா? தங்கம் 1064 டிகிரியில் உருகிவிடும், இதற்கு 1768 வேண்டும். அன்றைய உலைக்கு எட்டாத சூடு. கையால் பொறுக்க வேண்டும், இல்லாவிட்டால் பாதரசம் விட வேண்டும். பாதரசம் தங்கத்தைப் பிடித்துக்கொள்ளும், பிளாட்டினா ஒட்டாமல் நிற்கும்.

இந்தத் தொல்லையால் சில சுரங்கங்களையே கைவிட்டார்கள் என்று அந்தோனியோ தே உல்லோவா 1748இல் எழுதினார். அதைவிடப் பெரிய பயம் கலப்படம். தங்கத்தில் கலந்தால் எடை காட்டிக்கொடுக்காதே! அதனால் பொகோட்டா, பொபயான் நாணயச்சாலைகளில் பிரித்தெடுத்ததை சாட்சிகள் முன்னிலையில் பொகோட்டா, காவ்கா ஆறுகளில் கொட்டினார்கள்.

எனக்கு உறுத்துவது வேறு. அதே பசிபிக் கரையில் லா தொலீத்தா கொல்லர்கள் சுமார் 2000 ஆண்டுகளுக்கு முன்பே இதில் நகை செய்திருந்தார்கள். பிளாட்டினத்தை உருக்க அவர்கள் மெனக்கெடவே இல்லை. குருணையோடு தங்கத்தூளைச் சேர்த்து, கரி நெருப்பில் ஊதி, உருகிய தங்கத்தைப் பசையாக்கி, தட்டித் தட்டி இறுக்கினார்கள். என்னைப் போன்ற இன்ஜினியர்கள் காலில் விழ வேண்டிய யோசனை. அந்தக் கைப்பழக்கம் எப்போதோ அறுந்துபோயிருந்தது.

1786 வாக்கில் ஸ்பெயினில் ஷபானோ பிளாட்டினத்தைத் தகடாக அடிக்கும் பதத்துக்குக் கொண்டுவந்தார். பிறகு அரசே பிளாட்டினா கேட்டு வாங்கியது. மறுபடி அதே ஆறுகள், அதே தட்டுகள். தட்டைப் பிடித்தவர்களுக்குச் சட்டப்படி விடுதலை கிடைத்தது 1852 ஜனவரி 1 அன்று.