செம்பனையில் ஒரு சந்திப் பிழை

'பலகை' என்பதைச் சேர்த்துப் படித்தால் மரத்துண்டு. பிரித்துப் படித்தால் பல கைகள். எழுத்து மாறவில்லை, பிரிக்கும் இடமே மாறிற்று. இத்தகையதொரு பிழை செம்பனையிலும் நேர்ந்து, அறிஞரை ஏறத்தாழ முப்பது ஆண்டு மயக்கிய வரலாற்றை ஈண்டுக் காண்போம்.

மேற்கு ஆப்பிரிக்காவின் மரமாகிய செம்பனை, இந்நாட்டில் வாணிகப் பயிராக முதன்முதல் நடப்பெற்றது 1917இல். சிலாங்கூரின் தென்னமரம் தோட்டத்தில். தமிழர் கைகளும் அதனை வளர்த்தன. 1970களில் சிறந்த மரத்தின் சிறு திசுவிலிருந்தே அதனையொத்த கன்றுகளை ஆய்வுக்கூடத்தில் பெருக்கும் முறை தோன்றிற்று. விளைச்சல் பெருகுமென யாவரும் நம்பினர். ஆயின், அக்கன்றுகளுட் சில, நட்டுச் சில ஆண்டு கழித்துப் பூத்தபோது, ஆண் உறுப்புகள் சூலிலைகளாகத் திரிந்தன. காயைச் சுற்றிப் போர்வைபோல் மிகைச்சதை வளர்ந்தது, எண்ணெய் குன்றியது, பல குலைகள் முதிராமலே அழிந்தன. 1986இல் கோர்லி முதலியோர் கோலாலம்பூர் இதழாகிய 'பிளாண்டர்' வாயிலாக இதனை உலகிற்கு அறிவித்தனர். தோட்டத்தார் இம்முறையைக் கைக்கொள்ளத் தயங்கினர்.

தாய்மரம் நல்லது, மரபெழுத்தும் மாறவில்லை. குற்றம் எங்கே?

மரபணுவின் செய்தி முதலில் ஆர்.என்.ஏ. என்னும் படியாக எடுக்கப்படும். அதில் வேண்டாத இடைப்பகுதிகளும் இருக்கும். ஆர்.என்.ஏ.வைப் பற்றும் புரதங்களும் சிற்றளவு ஆர்.என்.ஏ.க்களும் கூடி, வெட்டும் இடத்தைக் கண்டறிந்து, இடைப்பகுதியை நீக்கி, எஞ்சியவற்றை இணைக்கும். இணைப்புத் தவறினால் பொருளும் தவறும்.

2015இல் பாங்கியிலுள்ள மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியத்தின் மெய்லினா ஓங் அப்துல்லா, ராஜிந்தர் சிங் முதலியோர், அமெரிக்காவில் பணிபுரியும் அறிஞர் மார்ட்டின்சன் குழுவினருடன் கூடி 'நேச்சர்' இதழில் விடை தந்தனர். பூவுறுப்பை அமைக்கும் மரபணு ஒன்றின் இடைப்பகுதியில் 'கர்மா' என்னும் அயல்துண்டு உறைகிறது. மெத்தில் குறிகள் அதனை மூடியிருக்கும்வரை தீங்கில்லை. திசு வளர்ப்பில் அக்குறிகள் குறைந்தால், அத்துண்டிலுள்ள பொய்ச் சந்தியில் இணைப்பு நிகழ்ந்து, செய்தி பாதியில் முறிகிறது, பூவும் திரிகிறது. குறிகள் மீண்டால் மரமும் தேறுகிறது.

எனவே இன்று, இலைத்துண்டில் குறிகளைச் சோதித்து, பழுதுறும் கன்றை நாற்றங்காலிலேயே விலக்கலாம். எழுத்தைக் காத்தல் மட்டும் போதாது. அதனைப் பிரிக்கும் இடத்தையும் காத்தல் வேண்டும். இலக்கணம் கற்பிக்கும் நமக்கு இது புதிய செய்தியன்று. ஒரு மரத்தின் வாயிலாக வந்ததே புதுமை.