தென்காசிச் சீமை: சாரலும் கல்வெட்டும்

ஆனி, ஆடியில் தமிழகத்தின் பெரும்பகுதி மேல்காற்றில் காய்ந்து கிடக்க, தென்காசிச் சீமை நனைந்துகொண்டிருக்கும். செங்கோட்டைக்கு மேற்கே மலைத்தொடர் தாழும் ஆரியங்காவுக் கணவாய்தான் காரணம். கேரளத்தில் கொட்டிய தென்மேற்குப் பருவமழையின் மிச்சம் அவ்வழியே சாரலாக இறங்குகிறது. திரிகூட மலையில் பிறக்கும் சிற்றாறு, குற்றாலத்தில் பேரருவியாக விழுந்து, கால்வாய்களாலும் குளங்களாலும் வயல்களை வளர்த்து, சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலக்கிறது.

கணவாய் மனிதர்களுக்கும் வழிவிட்டது. 1904-இல் கொல்லம் ரயில் செங்கோட்டையைத் தொட்டது. ஆயினும் 1956 நவம்பர் 1-இல்தான் செங்கோட்டை தமிழகத்தோடு இணைந்தது.

மதுரையை விட்டகன்ற பாண்டியர்க்கு இப்பகுதி புகலிடமாயிற்று. அரிகேசரி பராக்கிரம பாண்டியன் 1446-இல் தென்காசியில் காசி விசுவநாதர் கோயிலை எழுப்பத் தொடங்கினான். கோபுரம் நிறைவுறுமுன் அவன் மறைய, தம்பி குலசேகரன் முடித்தான். இக்கோயிலுக்குக் குறை நேர்ந்தால் திருத்திக் காப்போர் எவராயினும் அவர் அடிபணிவேன் என்ற கருத்தில் பராக்கிரமன் பாடிக் கல்லில் பொறித்திருக்கிறான். வென்ற நாடுகளை அடுக்கும் மெய்க்கீர்த்தி மரபில் இந்தப் பணிவு அரிது.

ஆட்சி எல்லை சுருங்கிய அந்தப் பாண்டிய மரபில் அரசரே புலவராயினர். அதிவீரராம பாண்டியன் நைடதமும் வெற்றிவேற்கையும் தந்தான். வரதுங்கராமன் பிரமோத்தர காண்டம் இயற்றினான். 18-ஆம் நூற்றாண்டில் மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர், குறத்தியின் வாயால் மலைவளத்தைப் பாடவைத்தார். அவரது குற்றாலக் குறவஞ்சிக்கு மதுரை முத்துவிஜயரங்க சொக்கநாத நாயக்கர் அளித்த நிலம் குறவஞ்சி மேடு எனப்படுகிறது. குற்றாலத்துச் சித்திர சபையிலோ ஆடவல்லான் ஓவியமாகவே வழிபடப்படுகிறான். பின்னாளில் ரசிகமணி டி.கே.சி. குற்றாலத்தில் குடியேற, ராஜாஜியும் கல்கியும் அவரோடு கம்பனைச் சுவைக்க இங்கே வந்தார்கள்.

பராக்கிரமனின் வேண்டுகோள் வீண்போகவில்லை. சிதைந்து நெடுங்காலம் மொட்டையாய் நின்ற கோபுரம், சிவந்தி ஆதித்தனார் தலைமையில் திரண்ட முயற்சியால் ஒன்பது நிலைகளோடு ஏறத்தாழ 180 அடி உயர்ந்து, 1990-இல் குடமுழுக்குக் கண்டது. கோபுரத்துக்குப் பொருந்தும் அந்த வேண்டுகோள் குளங்களுக்கும் பொருந்தும். சாரலைக் காற்று கொண்டுவரும். அந்த நீரைத் தேக்கும் கரையை ஊர்தான் காக்க வேண்டும்.