லினக்ஸ் கருனியில் செல்பேசி மோடம் இயக்கிகளின் வரலாறு

செல்பேசி மோடம் இயக்கி என்பது செல்பேசி வலையமைப்பு வழியாக இணையத்தில் இணைய உதவும் கருவியை இயங்குதளத்தின் கருனியோடு பிணைக்கும் நிரலாகும். லினக்ஸ் கருனியில் இவ்வகை இயக்கிகள் 2005 முதல் படிப்படியாக வளர்ந்தன. இக்கருவிகளைப் பயன்படுத்தியவர்களுக்கு ஒரு விசித்திரச் சிக்கல் இருந்தது. இணையம் வேண்டுமானால் இயக்கி வேண்டும்; அந்த இயக்கியைப் பதிவிறக்க இணையம் வேண்டும். எனவே இயக்கி கருனியோடு சேர்ந்தே வருவது இத்துறையில் இன்றியமையாததாயிற்று.

தொலைபேசி மோடத்தின் மரபு

1981இல் வெளிவந்த ஹேய்ஸ் ஸ்மார்ட்மோடம், 'ஏடி' என்ற ஈரெழுத்துகளில் தொடங்கும் கட்டளைகளை அறிமுகப்படுத்தியது. பின்னர் வந்த செல்பேசி மோடங்களும் அதே கட்டளை மொழியை ஏற்றன. கணினியின் பார்வையில் செல்பேசி மோடமும் ஒரு தொடர் முனையமே. பயனர் *99# போன்ற எண்ணை 'அழைத்தால்', பிபிபி என்னும் நெறிமுறை வழியாகத் தரவு இணைப்பு உருவாகும். உண்மையில் அங்கே தொலைபேசி அழைப்பு எதுவும் நிகழ்வதில்லை. பழைய மென்பொருள்கள் மாற்றமின்றி இயங்குவதற்காகவே இந்தப் பாவனை தொடர்ந்தது.

ஆப்ஷன் இயக்கி

யூஎஸ்பி வழி மோடங்கள் வந்தபோது, லினக்ஸ் பயனர்கள் கருனியிலிருந்த பொதுவான யூஎஸ்பி தொடர் இயக்கியையே பயன்படுத்தினர். கருவியின் தயாரிப்பாளர் எண்ணையும் பொருள் எண்ணையும் கையால் கொடுத்தால் அது இயங்கும். ஆனால் அது ஒரு நேரத்தில் ஒரேயொரு பெறுதல் கோரிக்கையை மட்டுமே வைத்திருந்ததால், வேகமாக வரும் தரவின் ஒரு பகுதி தொலைந்தது.

இக்குறையைப் போக்க 2005இல் மத்தியாஸ் உர்லிக்ஸ் ஒரு தனி இயக்கியை எழுதினார். ஆப்ஷன் நிறுவனத்தின் அட்டைகளுக்காகத் தொடங்கியதால் அதற்கு 'ஆப்ஷன்' என்றே பெயர் அமைந்தது. அது பல பெறுதல் கோரிக்கைகளை ஒரே நேரத்தில் நிலுவையில் வைத்துத் தரவிழப்பைத் தவிர்த்தது. காலப்போக்கில் ஹுவாவே, இசட்டிஇ உள்ளிட்ட பல நிறுவனங்களின் கருவி எண்களும் அதில் சேர்ந்தன. பெயர் ஒரு நிறுவனத்தைச் சுட்டினாலும், இயக்கி பொதுச் சொத்தாயிற்று. ஆயினும் புதிய கருவி சந்தைக்கு வரும்போதெல்லாம் அதன் எண்ணை யாராவது பட்டியலில் சேர்க்க வேண்டியிருந்தது.

குறுந்தட்டு வேடம்

பல மோடங்கள் கணினியில் செருகியதும் தம்மை மோடமாகக் காட்டிக்கொள்ளவில்லை. விண்டோஸ் இயக்கி அடங்கிய குறுந்தட்டாகக் காட்டிக்கொண்டன. விண்டோஸ் பயனருக்கு இது வசதி. லினக்ஸ் பயனருக்கோ மோடம் கண்ணில் படவே இல்லை. 2007இல் யோசுவா டீட்ஸ் தொடங்கிய 'யூஎஸ்பி மோடுஸ்விட்ச்' என்ற கருவி, உரிய கட்டளையை அனுப்பி அந்த வேடத்தைக் கலைத்தது. சில கருவிகளுக்கான மாற்றுக் கட்டளைகள் கருனியிலேயே இடம்பெற்றிருந்தாலும், பெரும்பாலான கருவிகளுக்கு இப்பணி கருனிக்கு வெளியே பயனர் தளத்தில் நடைபெற்றது.

வலையமைப்பு இடைமுகத்துக்கு மாற்றம்

வேகம் கூடியபோது தொடர் முனையமும் பிபிபியும் தடையாயின. 2012இல் வெளியான கருனி 3.4இல் 'க்யூஎம்ஐ வ்வான்' இயக்கி இணைந்தது. பியோர்ன் மோர்க் இதில் முக்கியப் பங்காற்றினார். இது தரவை நேரடியாக வலையமைப்பு இடைமுகமாகத் தந்தது. குவால்காம் சில்லின் கட்டுப்பாட்டுச் செய்திகளைப் பொருள் பார்க்காமல் பயனர் தளத்துக்குக் கடத்தியது. செய்திகளைப் புரிந்துகொள்ளும் சிக்கலான பணி கருனிக்கு வெளியே நின்றதால் இயக்கி சிறியதாகவும் எளிதில் பராமரிக்கத்தக்கதாகவும் இருந்தது.

2011இல் யூஎஸ்பி செயற்படுத்துவோர் மன்றம் 'எம்பிஐஎம்' என்னும் பொதுத் தரத்தை வெளியிட்டது. அதற்கான இயக்கி 2013இல் கருனி 3.8இல் வந்தது. தரத்தைப் பின்பற்றும் கருவி தன் வகையைத் தானே அறிவிப்பதால், ஒவ்வொரு எண்ணையும் பட்டியலிடும் தேவை வெகுவாகக் குறைந்தது.

கருனியில் அமைக்கும் முறை

கருனியைத் தாமே தொகுப்போர் அமைவுப் பட்டியில் யூஎஸ்பி ஆதரவின் கீழுள்ள தொடர் மாற்றிகள் பகுதியில் ஜிஎஸ்எம், சிடிஎம்ஏ மோடங்களுக்கான இயக்கியைத் தெரிவு செய்வர். பிபிபி ஆதரவையும் சேர்த்தே இயக்க வேண்டும். அதை மறந்தால் மோடம் தெரியும், இணைப்பு மட்டும் கிடைக்காது. க்யூஎம்ஐ, எம்பிஐஎம் இயக்கிகள் யூஎஸ்பி வலையமைப்புப் பகுதியில் உள்ளன. பட்டியலில் இல்லாத புதிய கருவியாயின், இயங்கும் இயக்கியின் 'நியூ ஐடி' கோப்பில் அதன் இரு எண்களை எழுதினால் போதும், மறுதொகுப்பு தேவையில்லை.

அண்மைக் காலம்

ஐந்தாம் தலைமுறை மோடங்கள் பல யூஎஸ்பியை விட்டுப் பிசிஐஇ இணைப்புக்கு மாறின. இவற்றுக்கென 2021இல் வெளியான கருனி 5.13இல் 'வ்வான்' என்ற தனித் துணையமைப்பு உருவானது. அடுத்த 5.14 பதிப்பில் இன்டெல் மோடங்களுக்கும், 2022இல் வந்த 5.19 பதிப்பில் மீடியாடெக் மோடங்களுக்கும் இயக்கிகள் சேர்ந்தன.

ஒவ்வொரு கருவியின் எண்ணையும் கையால் எழுதிய நிலையிலிருந்து பொதுத் தரத்துக்கும் தனித் துணையமைப்புக்கும் இத்துறை வந்துள்ளது. எனினும் மோடத்தின் உள்ளே இயங்கும் நிலைபொருள் பெரும்பாலும் மூடிய மூலமாகவே நீடிக்கிறது. கருனியின் திறந்த நிரல் அதன் வாசல்வரை மட்டுமே செல்ல முடிகிறது. பழைய 'ஏடி' கட்டளைகளும் மறையவில்லை. இன்றைய பல மோடங்கள் இன்னும் அவற்றுக்கு விடையளிக்கின்றன.