மெட்டாபேஸ் வந்த வழி

இணையத்தளத்தின் கோப்புகள் எந்த ஃபோல்டரில் இருக்கின்றன, யாரை உள்ளே விடலாம், எந்த நிரல் ஓடலாம்: இவையெல்லாம் சர்வருக்கு எழுதிவைத்த அமைப்புகள். மைக்ரோசாப்ட்டின் ஐஐஎஸ் சர்வரில் இவை மூன்று முறை வீடு மாறின.

1996-ல் ஐஐஎஸ் வந்தபோது அமைப்புகள் விண்டோஸ் என்டியின் ரெஜிஸ்ட்ரிக்குள் இருந்தன. எல்லா மென்பொருளும் புழங்கும் பொதுச் சத்திரம் அது. ரெஜிஸ்ட்ரியும் மர வடிவந்தான். ஆனால் மேல்கிளையில் எழுதியது கீழ்க்கிளைக்குத் தானாக இறங்காது. ஒரே சர்வரில் பல தளங்களை ஏற்றத் தொடங்கியதும் இது ஒத்துவரவில்லை. 1997 கடைசியில் ஐஐஎஸ் 4.0 வந்தது, அமைப்புகளில் பெரும்பகுதி மெட்டாபேஸ் என்ற தனிக் களஞ்சியத்துக்குப் போனது. சில மட்டும் ரெஜிஸ்ட்ரியிலேயே தங்கிவிட்டன.

மலாக்காவின் மெர்லிமாவ் பக்கத்து எஸ்டேட் மக்களுக்கு மெட்டாபேஸை விளக்குவது சுலபம். காலையில் ஆட்கள் கூடும் பெரட்டில் தோட்டத் துரை சொன்ன உத்தரவு எல்லா டிவிஷனுக்கும் செல்லும். ஒரு டிவிஷனுக்கு வேறு உத்தரவு இருந்தால் அங்கே அதுதான். அதுபோல, சேவையின் மட்டத்தில் எழுதியது கீழுள்ள தளங்களுக்கும் ஃபோல்டர்களுக்கும் இறங்கும். ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு எண். முதல் தளம் 1. சர்வர் ஓடும்போது மரம் முழுவதும் நினைவகத்தில் இருந்ததால் படிப்பதும் வேகம்.

ஆனால் வட்டில் அது மெட்டாபேஸ்.பின் என்ற பைனரிக் கோப்பு. நோட்பேடில் திறந்தால் ஒன்றும் புரியாது. கெட்டுப்போனால் எல்லாத் தளமும் படுத்துவிடும். எடுத்துவைத்த பேக்கப்பையும் அதே கணினியில்தான் மீட்க முடிந்தது. கணினியே போனபின் அந்தப் பேக்கப்பை வைத்து என்ன செய்வது? என் கணக்கில் மெட்டாபேஸின் மோசமான குறை இதுவே.

இறங்கிவரும் அமைப்பின் ஆபத்து 2001 ஜூலையில் தெரிந்தது. கோட் ரெட் புழு 14 மணி நேரத்துக்குள் 3,59,000-க்கும் மேற்பட்ட கணினிகளைப் பிடித்தது. அது நுழைந்த வழி, ஐடிஏ என்று முடியும் கோப்புகளைத் தேடல் சேவையின் நிரலுக்கு அனுப்பும் ஓர் அமைப்பு. பலர் அதைப் பயன்படுத்தியதே இல்லை. நிறுவும்போதே கூடவே வந்தது. மேல்மட்டத்தில் அதை நீக்கினாலும், இத்தகைய இணைப்புகளுக்குத் தனக்கெனத் தனிப் பட்டியல் வைத்திருந்த தளத்தில் அது அப்படியே நிற்கும்.

2003-ல் ஐஐஎஸ் 6.0 மெட்டாபேஸை எக்ஸ்எம்எல் ஆக்கியது. கண்ணால் படிக்கலாம், பழைய பிரதிகளையும் அதுவே சேர்த்துவைக்கும். ஐஐஎஸ் 7.0 அதையும் விட்டு அப்ளிகேஷன்ஹோஸ்ட்.கான்பிக் என்ற கோப்புக்கு மாறியது. தளத்தின் சொந்த விஷயங்கள் அந்தத் தளத்தின் ஃபோல்டரிலேயே வெப்.கான்பிக்கில் இருக்கலாம், எதை அங்கே மாற்றலாம் என்பதை மேலிடம் முடிவு செய்யும். தளத்தை நகலெடுத்தால் அதன் அமைப்பும் கூட வரும். மேலிருந்து இறங்கும் மரபு மட்டும் மாறவில்லை. பைனரிக் கோப்பைக் கைவிட்டது நல்ல முடிவு. அதற்கு ஐந்தாண்டுக்கு மேல் எடுத்ததுதான் அதிகம்.

பாலிடெக்னிக்கில் சர்வர் பழகும் பிள்ளைகளுக்கு ஒன்று: இன்றைய ஐஐஎஸ், இனெட்பப் ஃபோல்டருக்குள் ஹிஸ்டரியில் அமைப்புகளின் கடைசி 10 பிரதிகளைத் தானே வைத்திருக்கும். அதை நம்பி இருக்காதீர்கள். அமைப்புகளில் கை வைப்பதற்கு முன் அப்ளிகேஷன்ஹோஸ்ட்.கான்பிக் இருக்கும் கான்பிக் ஃபோல்டரை வேறொரு கணினிக்கு நகலெடுத்துவிடுங்கள்.